அமரர் என்ற எழுத்து

மெர்லிமாவ் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கடையில் தொண்ணூறுகளின் நடுவில் வேலை பார்த்தேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, சீனர். தமிழ் வாடிக்கையாளர் வந்தால் என் பக்கம் தள்ளிவிடுவார். படத்தை ஸ்கேன் செய்து, அதன்மேல் தமிழ் எழுத்தை ஏற்றிக் கொடுப்பது என் வேலை.

இன்றைக்கு மாதிரி எழுத்தைத் தனியாக வைத்து வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் வசதி எங்கள் கணினியில் இல்லை. இடம் பார்த்து வைத்துவிட்டால் எழுத்து படத்தோடு ஒட்டிப்போகும். கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும் நீக்கிப் பழையபடி ஆக்கலாம், அதற்கு முந்தியது போனது போனதுதான். இது புரியாமல் எல்லாரும் நிழல் போடு, ஒளி போடு, தங்க நிறம் போடு என்று உயிரை வாங்குவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வெள்ளைச் சட்டை மேல் மஞ்சள் எழுத்து வைத்தால் எவன் படிப்பான்?

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் ஒரு பையன் தங்கையின் கல்யாணத்துக்காக வந்தான். மண்டப வாசலில் வைக்க, அப்பா அம்மா படத்தோடு ஒரு வரவேற்புப் பலகை வேண்டும். அப்பாவின் படம் பழைய பாஸ்போர்ட் படம்.

"அப்பா பேருக்கு முன்னால அமரர்னு போட்டுருங்கக்கா. படத்துக்கு மாலையும் போடுங்க."

"எப்ப தவறுனாரு தம்பி?"

"தெரியலக்கா. தங்கச்சி சின்னப் புள்ளையா இருக்கும்போது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவரு. கடிதம் இல்ல, போன் இல்ல. கல்யாணத்துல ஆளாளுக்கு அப்பா எங்கனு கேப்பாங்க. பதில் சொல்லி முடியாதுலா."

அவன் சொன்னபடியே செய்தேன். முகத்தைச் சுற்றி வெள்ளை ஒளி, கீழே மாலை, பெயருக்கு முன்னால் அமரர். நன்றாகவே வந்திருந்தது.

வாங்கிப்போக வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்தான். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலி. அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனைத்தான் பார்த்தார்.

"இத வாசல்ல வச்சிட்டு, உள்ள மணவறையில நான் எப்படிடா பொட்டோட நிக்கிறது?"

ஊர்க்காரர்களின் கேள்விக்குப் பதில் தேடியவன், தன் அம்மா அந்த ஒரு சொல்லால் விதவையாவார் என்பதை நினைத்தே பார்க்கவில்லை. தாரை வார்க்க முன்னால் நிற்க வேண்டியவரை, நம் ஆட்களே ஓரமாக உட்காரச் சொல்லியிருப்பார்கள்.

"ஆளுங்க கேட்டா என்னம்மா சொல்றது?" என்றான் மகன்.

"வேலைக்குப் போயிருக்காருனு சொல்லு. அதான உண்மை."

என்னிடம் திரும்பி, "அந்த எழுத்த மட்டும் எடுத்திரலாமாம்மா?" என்றார்.

முடியாது, முதலிலிருந்துதான் செய்ய வேண்டும் என்றேன். பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாஸ்போர்ட் படத்தை மறுபடி ஸ்கேன் செய்தேன். மாலை இல்லை, ஒளி இல்லை. கறுப்பு எழுத்தில் கணவன் பெயர், பக்கத்தில் மனைவி பெயர். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவனுக்கு இந்த மரியாதை எதற்கு என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் பொங்கியது.

அவர் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார்.

"அவரு முடிய கொஞ்சம் நரைக்க வைக்க முடியுமாம்மா?"

"ஏன்மா?"

"இப்ப நரைச்சிருக்கும்ல. கல்யாணத்தன்னிக்கு வந்து நின்னாருன்னா, வாசல்ல உள்ளவங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

மகன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். நான் காதோரத்திலிருந்து நரைக்க வைக்க ஆரம்பித்தேன்.