இன்னும் இரண்டே இடங்கள்

மில்லர்புரத்தில் வெப் டிசைன் சொல்லித்தரும் ஒரு சென்டரில் நான் சேர்ந்ததே அவசரத்தில்தான். அவர்களுடைய வெப்சைட்டில் ‘இன்னும் இரண்டே இடங்கள்’ என்று சிவப்பு எழுத்து மின்னியது. அன்று நாசரேத்தில் அக்கா மகளுக்கு ஞானஸ்நானம். கோயிலில் குழந்தைக்கு ஞானத்தாயாக அக்கா பக்கத்தில் நிற்க வேண்டிய நான், இடம் போய்விடுமே என்று பயந்து சென்டருக்கு ஓடினேன்.

முதல் வாரத்தில், ஒரு பக்கத்தின் பின்னால் இருக்கும் கோடிங்கை எப்படிப் பார்ப்பது என்று சார் சொல்லிக்கொடுத்தார். பழகுவதற்காக சென்டரின் பக்கத்தையே திறந்தேன். மீதி இடங்களை எண்ணும் எந்தக் கணக்கும் அங்கே ஓடவில்லை. ‘இரண்டே’ என்ற சொல்லை யாரோ கையால் டைப் செய்து வைத்திருந்தார்கள்.

“சார், இந்த ரெண்டு மாறவே மாறாதா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “எல்லாரும் அப்படித்தாம்மா போடுதாங்க. நாளைக்கு நீயும் இதத்தான் போடுவ.”

பொய்யைவிட, அதை அவர் அத்தனை சாதாரணமாகச் சொன்னதுதான் அருவருப்பாக இருந்தது. என் திரையில் அந்த வரியை அழித்தேன். ரிஃப்ரெஷ் செய்ததும் மறுபடியும் வந்து மின்னியது.

ஞானஸ்நானத்தன்று உண்மையிலேயே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. நாசரேத் கோயிலில், அக்காவுக்குப் பக்கத்தில். அதில் வேறொருத்தி நின்றாள்.