என் முதுகுக்கு வந்த மேஜை

எண்பதுகளின் தொடக்கத்தில் மலையாள நாட்டில், வலியசாலை அக்ரகாரத்து எங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு மேஜை அடைத்துக்கொண்டு நின்றது. மேஜை என்பது பெயருக்குத்தான். இரும்புச் சட்டத்தில் மாட்டிய, மேலே மெத்தை தைத்த நீளப் பலகை அது. கணுக்கால்களை ஒரு முனையில் பூட்டிக்கொண்டு படுத்து, கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் பலகை மெல்லச் சாய்ந்து ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடும். முதுகெலும்பு நீண்டு கொடுக்கும், வலி பறந்துவிடும் என்றார்கள். என் கணவரின் தம்பி துபாயிலிருந்து வந்தபோது அதை எனக்காகவே கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அதில் தொங்காத ஆண்பிள்ளை பாக்கியில்லை. நான் மட்டும்தான் தொங்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வலி எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஏழு பேர் இட்டிலி தின்கிற வீடு. தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆட்டுக்கல்லில் பதினோரு வருஷம் மாவு அரைத்திருக்கிறேன். இடுப்பில் ஆரம்பித்த வலி தொடை வரை இறங்கிவிட்டது. ஒரு கிரைண்டர் வாங்கலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"மெஷின்ல அரைச்சா மாவு சூடாயிடும், இட்டிலி கல்லு மாதிரி வரும். நாங்கள்லாம் அரைக்கலையா?" என்றார் மாமியார். பேச்சு அத்தோடு முடிந்தது. கணவர் தன் பங்குக்குத் தம்பிக்கு எழுதினார், மன்னிக்கு முதுகு வலி என்று. மேஜை வந்தது.

"முதல்ல நான் ஏறிப் பாக்கறேன். உனக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?" என்றார் கணவர். என் மேல் இருந்த அக்கறையில் ஒரு வாரம் தொங்கினார். பிறகு அவருடைய ஆபீஸ் சிநேகிதர்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மாமா சாயந்தரம் தவறாமல் வந்தார். முதல் நாள் அவர் வேஷ்டி சரிந்து முகத்தை மூடி, கோடு போட்ட டிராயர் கூடத்துக்கே தரிசனம் கொடுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே அத்தனை பேருக்கும் காபி கொடுத்தது நான்.

ஒரு மத்தியானம் என் முறையைக் கேட்டேன்.

"பொம்மனாட்டி புடவையோட தலைகீழாத் தொங்கறதா? நன்னாருக்கு!" என்றார் மாமியார்.

"மடிசார் கட்டிண்டு தொங்கறேன்மா. கச்சத்தை இழுத்துச் செருகிட்டா ஒரு இஞ்ச் நகராது" என்றேன். ஒன்பது கஜத்துக்கு அந்தச் சௌகரியம் உண்டு. மாமியாரால் இதை மறுக்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

"மடிப் புடவையோட அதுலயா? மேல தைச்சிருக்கறது தோலோ என்னமோ, யார் கண்டா? போறாக்குறைக்கு ஊர் ஆம்பளைகள்லாம் குளிக்காம விழுப்போட படுத்த பலகை! அப்பறம் அதே புடவையோட அடுக்களைக்கு வருவியா?"

ஆறு கஜம் கட்டினால் மானம் போகும், ஒன்பது கஜம் கட்டினால் மடி போகும். வேறு எதைக் கட்டிக்கொண்டு தொங்குவது? கணவரைப் பார்த்தேன். பேப்பரை இறக்காமலே, "கொஞ்ச நாள் போகட்டும், கேட்டியா?" என்றார். கொஞ்ச நாள் போயிற்று. எதிர்வீட்டு மாமாவுக்கு முதுகு தேவலையாகிவிட்டது.

ஒரு நாள் அரைத்து முடித்து மாவை வழித்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். டாக்டர் மலையாளி, என் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி இனி தறையிலிருந்நு அரைக்கான் பாடில்லா, கேட்டோ" என்றார். இனிமேல் தரையில் உட்கார்ந்து அரைக்கவே கூடாது. மேஜையைப் பற்றிக் கணவர் பெருமையாகச் சொன்னார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதினார்.

மாமியார் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்தார். முதல் நாள் ஸ்லோகம் சொல்லிக்கொண்டே அரைத்தார். இரண்டாம் நாள் ஸ்லோகம் கேட்கவில்லை. மூன்றாம் நாள் தைலம் கேட்டார். நான்காம் நாள் காலையில் மகனைக் கூப்பிட்டார்.

"சாலைக் கடைத்தெருவுக்குப் போய் அந்த கிரைண்டரை வாங்கிண்டு வாடா. இந்த வயசுல என்னால ஆகுமா?"

சாயந்தரமே வந்துவிட்டது. மறுநாள் இட்டிலியைப் பிட்டுப் பார்த்து, "பஞ்சு மாதிரின்னா இருக்கு!" என்று அவரே மெச்சிக்கொண்டார். என் பதினோரு வருஷத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அவருடைய மூன்று நாளுக்கு ஒரு கிரைண்டர். எனக்கு முன்னால் அதே கல்லில் இருபது வருஷம் அரைத்தவர் அவர். அந்த வலி தெரியாதவர் செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தெரிந்தவர் செய்தார் என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.

கல்லை விட்ட பிறகு என் வலி மெல்ல மெல்லக் குறைந்தது. இரண்டு மாதம் கழித்துக் கணவர் தம்பிக்கு, மடித்து ஒட்டுகிற நீல ஏர்மெயில் தாளில் கடிதம் எழுதினார். கடைசியில் நாலு வரி இடம் விட்டு, "நீயும் ரெண்டு வார்த்தை எழுது, சந்தோஷப்படுவான்" என்று பேனாவை என்னிடம் கொடுத்தார். அவர் எழுதியிருந்ததைப் படித்தேன். 'நீ கொண்டுவந்த மேஜையால் மன்னிக்கு முதுகு வலி அடியோடு போய்விட்டது' என்று இருந்தது.

அதற்குக் கீழே எழுதினேன்: 'நான் அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை.'

அவர் வாங்கிப் படிக்கக் கையை நீட்டினார். நான் கடிதத்தை மடித்து, ஓரத்துப் பசையை நாக்கால் ஈரப்படுத்தி, அழுத்தி ஒட்டிவிட்டுக் கொடுத்தேன்.