வில்லிபுத்தூர்ச் சந்தையில் பாண்டான் இலை

நான் மலேசியாவில், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் இரண்டு வருட வேலை என்பதால் இப்போது இங்கேதான் வீடு. போன கார்த்திகையில் அம்மா ஈப்போவில் இறந்துபோனார். எனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. விமானம் ஏற முடியவில்லை. எல்லாவற்றையும் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். முப்பதாம் நாள் படையலையாவது என் கையால் சமைத்து வைக்க நினைத்தேன். அம்மாவுக்குப் பிடித்தது நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பாலில் வேகும் சோறு. வாசனைக்குப் போடும் பாண்டான் இலை இல்லாமல் அதைச் சமைத்தால் அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

ராஜபாளையம் மார்க்கெட்டில் மூன்று நாள் அலைந்தேன். அப்படி ஓர் இலையை யாருமே கேள்விப்பட்டதில்லை. மலையடிவாரத்து ஆட்கள் கீரையும் இலையுமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார்கள், அங்கே கேட்டுப் பாருங்கள் என்றார் ஒரு தேங்காய்க் கடைக்காரர்.

படையலன்று காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து ஏறினேன். பதினொரு கிலோமீட்டர், பன்னிரண்டு ரூபாய், அரை மணி நேரம். மார்கழிப் பனியில் மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. தென்னைகள் பாதி வரை தெரிந்தன. அதற்கு மேல் கரைந்துபோயிருந்தன. பேருந்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கனவுக்குள் நான் மட்டும் விழித்திருப்பதுபோல் இருந்தது.

நிலையத்திலிருந்து சந்தைக்குப் பத்து நிமிட நடை. சிறுகிழங்கு மண்ணோடு குவிந்து கிடந்தது. பச்சை மொச்சை, அவரை, ஈரம் சொட்டும் கொத்தமல்லிக் கட்டுகள். பனிக்குள் முகங்கள் தெரியும் முன்பே குரல்கள் வந்தன.

வத்திராயிருப்பிலிருந்து கீரை கொண்டுவரும் பேச்சியம்மாள் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். என் தமிழைக் கேட்டுவிட்டு, சிலோனா என்றார். மலேசியா என்று சொல்லி, கைப்பேசியில் இலையின் படத்தைக் காட்டினேன். தாழை மாதிரி இருக்கிறதே என்று பக்கத்துக் கடைக்காரருக்கு நீட்டினார். அவர் அடுத்தவருக்கு. கைப்பேசி ஒரு சின்ன வெளிச்சமாகக் கைமாறிக் கைமாறிப் பனிக்குள் போய் மறைந்தே விட்டது. பயப்படவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பூக்கார அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்தார். மடவார் வளாகம் பக்கம் ஒரு டீச்சர் வீட்டுத் தொட்டியில் அந்த இலை இருக்கிறதாம். பாசுமதிச் செடி என்பார்களாம்.

"எதுக்கும்மா இம்புட்டுத் தேடுறீக?" என்று கேட்டார் பேச்சியம்மாள் அக்கா.

ராஜபாளையத்தில் யாரிடமும் சொல்லாததைக் கீரைக்கட்டுகளுக்கு நடுவே நின்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கடையைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னோடு ஆட்டோவில் ஏறினார். நாற்பது ரூபாய். டீச்சர் வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டு, கத்தரியால் ஏழு இலை வெட்டிக் கொடுத்தார். ஒன்றைக் கசக்கி முகர்ந்தேன். அது பாண்டான்தான்.

திரும்பும்போது பேச்சியம்மாள் அக்கா, படையலைச் சாப்பிட ஆள் இருக்கிறதா என்று கேட்டார். நானும் வீட்டுக்காரரும்தான் என்றேன்.

"ரெண்டு பேரு பத்தாதும்மா. வீடு எங்கன்னு சொல்லு, யாவாரத்த முடிச்சிட்டு வாரேன்."

விலாசம் சொன்னேன், ஆனாலும் சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மதியம் ஒன்றரைக்குக் காலிக் கூடையோடு வந்து நின்றார். கூடவே பூக்கார அம்மாவும். பேச்சியம்மாள் அக்கா என் அம்மா படத்தின் முன் உட்கார்ந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவிய பேரு என்ன?"

சொன்னேன். இந்த முப்பது நாளில் அம்மாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். தொட்டுக்கொள்ள வைத்த மிளகாய்ச் சம்பல் காரம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருவரும் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அம்மா இறந்தபின் அன்றுதான் எனக்கும் பசித்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஆறரைக்குள் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கெல்லாம் நல்ல கீரை தீர்ந்துவிடும். துணிப்பையும் சில்லறையும் கையில் இருக்கட்டும். பெயர் தெரியாத பொருளுக்குப் படம் போதும். வாங்கும்போது, வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். சும்மாதான் என்று சொல்லிவிடாதீர்கள்.