மொட்டைக் கடிதத்தில் என் எழுத்து

என் கையெழுத்து அழகானது. தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். நாகர்கோவிலில் நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் முதல் இரண்டு வருஷம் பாடம் நடந்ததாக நினைவில்லை. இரட்டைக்கோடு நோட்டில் எழுத்து மட்டும்தான் நடந்தது. எழுத்து கோட்டைத் தாண்டினால் விரல் கணுவில் ஸ்கேல் விழும். அதனால் அந்தப் பள்ளியில் படித்த எவளும் சாகும்வரை ஒரே மாதிரிதான் எழுதுவாள்.

எழுத்தழகைப் பற்றி எதில் வந்தாலும் விடாமல் வாசிப்பேன். அரபு நாடுகளில் பள்ளிவாசல் சுவருக்கு எழுத்தையே அலங்காரமாக்கினார்கள். சீனாவில் நல்ல கையெழுத்தைப் படம்போல மாட்டி வைத்தார்கள். அதே சீனாவில் ஒரு காலத்தில், அரசுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்துவதற்கு முன் குமாஸ்தாக்களை வைத்துப் படியெடுத்தார்களாம். எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை. குழித்துறைக்காரர் ஒருவருக்கு அந்த யோசனை இல்லாமல் போனதில் வந்தது என் கஷ்டம்.

நாலு வருஷத்துக்கு முன் என் அண்ணன் மகளுக்குக் குழித்துறையில் மாப்பிள்ளை பேசி, நிச்சயத்துக்கு நாளும் குறித்திருந்தார்கள். அந்த வாரம் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு மொட்டைக் கடிதத்தோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆனவர். ஃபைல் பார்க்கிற மிடுக்கு இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. பெண் எட்டரைக்குத்தான் எழும்புவாள், வாய்த்துடுக்கு அதிகம், கல்யாணத்துக்குப் பிறகும் சென்னை வேலையை விடமாட்டாள் என்றது கடிதம். அத்தனையும் உண்மை. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். கடிதம் என் கைக்கு வந்ததும் விஷயத்தை விட்டுவிட்டு, "எழுத்து நல்லாயிருக்கே" என்று சொல்லித் தொலைத்தேன்.

அண்ணன் மனைவி, என் மைனி, வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கும். ஒனக்க எழுத்துல்லா இது."

"எங்க பள்ளிக்கூடத்துல படிச்ச எல்லாவளும் இப்படித்தான் எழுதுவா மைனி. நாகர்கோவில்ல பாதிப் பொம்பளைங்க எழுத்து இது."

"அந்தப் பாதிப் பேருக்கும் இந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழும்பும்னு தெரியுமா?" என்று கேட்டார் தாய்மாமன்.

வெள்ளைத்தாள் வந்தது. கடிதத்தின் முதல் வரியை அவர் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். கோணலாக எழுதித் தப்பிக்கலாம் என்றுதான் பார்த்தேன், கை கேட்டால்தானே. இரண்டு தாளையும் அருகருகே வைத்தார். அச்சு அசல்.

அப்போதுதான் கவனித்தேன். மொட்டைக் கடிதத்தில் வரிக்கு வரி மை வலப்பக்கமாக இழுபட்டிருந்தது. எழுதிய ஈரத்தின்மேலேயே கை உரசிப் போகும் இடக்கைக்காரர்களுக்குத்தான் அப்படி ஆகும். எங்கள் குடும்பத்தில் இடக்கை ஒருத்திக்குத்தான். அவளும் அதே பள்ளியில் படித்தவள். அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள் கல்யாணப்பெண். முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணத்தை நிறுத்தத் தன்மேல் தானே மொட்டை எழுதுவாள் என்று யாருக்குத் தோன்றும்? அண்ணனுக்குத் தெரிந்தால் வேலையை விடச்சொல்லி வீட்டோடு உட்கார வைத்துவிடுவார்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

"சொந்த அத்தையே மொட்டை எழுதுற குடும்பம் நமக்குச் சரிவராது" என்று தாய்மாமன் எழுந்து போனார். அண்ணன் சத்தம் போடவில்லை. "இனி இந்த வீட்டுப் பக்கம் வராதட்டி" என்றார். அப்பாவும் அம்மாவும் போனபிறகு தாய்வீடு என்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அவள் சென்னையில் சௌக்கியமாக இருக்கிறாள். ஊருக்கு வந்தால், அண்ணனுக்குத் தெரியாமல் என் வீட்டுக்கும் வந்து மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டுப் போவாள்.

"அப்பாட்ட சொன்னியா?" என்று கேட்பேன்.

"சொல்லணும் அத்தை. நேர்ல வாய் வரமாட்டேங்குது."

ஊரையே திட்டுகிற வாய். எனக்குக் கோபம் வரும். அவள்மேலும், அன்றைக்குப் பெரிய தியாகி மாதிரி முந்திக்கொண்ட என்மேலும்.

போன மாதம் வந்தபோது தாளும் பேனாவும் எடுத்து முன்னால் வைத்தேன். "வாய் வராட்டா எழுது மக்கா. கடிதம் எழுத ஒனக்குத் தெரியாதா? இந்தத் தடவ அடியில பேரு மட்டும் போடு."

பேனாவை எடுத்தாள். "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதினாள். கசக்கிவிட்டு வேறு தாள் எடுத்தாள். அப்படியே நாலு தாள் போயிற்று. ஐந்தாவதில் பேனாவை மூடிவைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். தாளை எடுத்துப் பார்த்தேன். அதே இரண்டு வார்த்தைதான். முத்து முத்தாக எழுதியிருந்தாள்.