சீமாட்டியின் பசி

தொழிற்சாலை கேன்டீனில் அவரைக் கரண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமைச் சமையல்காரர். தட்டை நீட்டியவர் போதும் போதும் என்று கத்தினாலும் இன்னொரு கரண்டி விழும். காய்ச்சலோ, காதல் தோல்வியோ, மேலதிகாரியின் திட்டோ, எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "மொதல்ல சாப்பிடு." அந்த வைத்தியத்தில் இதுவரை யாரும் செத்துப்போகவில்லை. அதனால் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருடைய பாச்சா பலிக்காத ஒரே ஜீவன், மகள் வளர்த்த பக் நாய். சப்பை மூக்கை வைத்துக்கொண்டு அவர் சமையலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வயிற்றெரிச்சலில் அவர் வைத்த பெயர்தான் சீமாட்டி.

ஒருநாள் சீமாட்டி கூடத்தில் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி நடந்தது. பிறகு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அப்படியே நின்றது. மாலையில் வலிப்பு வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா அப்பாவையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளையில அழற்சி. உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குது. இந்த மாதிரி சின்ன ரக நாய்ங்களுக்குத்தான் அதிகமா வரும். முழுசா குணமாக்க முடியாது, அடக்கி வெக்கலாம். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

மகளுக்கு வெளியூரில் பயிற்சி. மாத்திரைப் பொறுப்பு அப்பாவின் தலையில் விழுந்தது.

மாத்திரை உள்ளே போகப் போக, சீமாட்டிக்கு அகோரப் பசி கிளம்பியது. கிண்ணத்தை நக்கிவிட்டு அவர் காலைச் சுற்றியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீன் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். இப்படிச் சாப்பிடுகிற உயிருக்கு என்ன நோய் இருக்க முடியும்? மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டார். மகளிடம் மூச்சு விடவில்லை.

அந்த வாரமே வலிப்பு திரும்பியது. மகள் அலறியடித்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்கப்பா ஒரு வேளை கூட விடமாட்டாரு, டாக்டர்" என்றாள் மகள்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "இல்லம்மா. நான்தான் நிறுத்திட்டேன். நல்லா சாப்பிட்டாளே, சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"அந்தப் பசி மாத்திரையால வந்தது சார். நோய் போனதால வந்தது இல்ல."

ஊசிகளும் சலைனுமாகச் சீமாட்டி பிழைத்தது. ஒரு கண் மட்டும் தெரியாமல் போயிற்று. வீடு வந்து சேரும்வரை மகள் சீமாட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். திட்டித் தொலைத்திருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலையில் அவள் மாத்திரையைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே குடுப்பா."

"என்னை நம்புறியாம்மா?"

"நம்பல. பக்கத்துல நின்னு பாக்கப்போறேன்."

அவர் தரையில் உட்கார்ந்து மாத்திரையைக் கொடுத்தார். பிறகு சீமாட்டியின் வாயைத் திறந்து, நாக்கை விரலால் தூக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று மகளுக்குக் காட்டினார்.