முற்றிய கள்ளி மட்டை

நீலாவதிக்கு முன்பல் ஒன்று கிடையாது. வழுக்கி விழுந்தேன் என்று அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை. "எம் புருசன் உடைச்சது" என்பாள், என் கடைக்கு உப்பு வாங்க வந்தவர்களிடம்கூட.

அந்தமானில், ரங்கத் பஜாரில் என் மளிகைக் கடைக்கு அடுத்த வீடு அவளுடையது. புருஷன் பக்தவத்சலம், ரோடு போடும் வேலையில் மேஸ்திரி. வெளியே காட்ட முடியாத வீரத்தை வீட்டில் காட்டுகிற ரகம். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராமநாதபுரத்திலிருந்து அவள் கொண்டுவந்த சீதனம் நாலு சப்பாத்திக்கள்ளி மட்டை. மான்கள் தோட்டத்தை மேய்ந்துவிடாமல் இருக்க அவற்றை வேலியாக நட்டாள். இந்த மழையில் அழுகிப் போகும் என்று சிரித்தேன். மணலை மேடாகக் கொட்டி வளர்த்துவிட்டாள். பிஞ்சு மட்டையைத் தீயில் வாட்டி, முள்ளைப் பொசுக்கி, தோல் சீவி, கருவாட்டோடு புளிக்குழம்பு வைப்பாள். வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். நானும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு தடவை மெயின்லேண்டிலிருந்து கப்பல், நாங்கள் ஜஹாஸ் என்போம், வரத் தாமதமானது. என் கடையில் வெங்காயம்கூட இல்லை. வேலியிலும் பிஞ்செல்லாம் தீர்ந்துபோனதால், அடியில் இருந்த முற்றிய மட்டையை அறுத்துக் குழம்பு வைத்தாள். மத்தியானம் பக்தவத்சலம் சாப்பிட உட்கார்ந்தான். வாயில் போட்டதும் பல்லில் நறநறவென்றது.

"சாலி! கண்ணாடியப் பொடிச்சுப் போட்டு என்னைக் கொல்லப் பாக்குறியா?"

அந்த இந்தி வசவும் கத்தலும் பஜாருக்கே கேட்டது. நான் ஓடுவதற்குள் அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தை அம்மியில் மோதிவிட்டான். பல் தெறித்தது. விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். இழுத்துப் பிடித்த என் கையைக் கடித்தான், நாய்.

கூட்டம் கூடிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது எதற்கென்றால், அவன் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். இவ்வளவு அடி வாங்கினவள் செய்தாலும் செய்வாள் என்று பேசிக்கொண்டார்கள். "போலீஸைக் கூப்பிடு" என்றான் ஒருவன். "ஜஹாஸ் வந்ததும் இவள ஊருக்கு ஏத்தி விடு" என்றான் இன்னொருவன். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. இந்த வீட்டையும் வேலியையும் விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. கொலைகாரி என்று பெயர் விழுந்தால் அதுவும் போச்சு.

நீலாவதி எழுந்தாள். ரத்தத்தைத் துப்பிவிட்டு அரிவாளை எடுத்தாள். மேஸ்திரி சட்டென்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். அவளோ வேலிக்குப் போய் அடியில் இருந்த மட்டைகள் இரண்டை வெட்டிவந்தாள். ஒன்றை முள்ளும் தோலும் சீவி, ஒரு துண்டை உடைந்த வாயில் போட்டு எல்லோர் முன்னாலும் மென்றாள். ரத்தம் தாடையில் வழிய வழிய மென்றாள்.

"நீங்களும் தின்னு பாருங்க, பாய்."

தின்றேன். அதே நறநறப்பு. கூட்டத்தில் ஆளுக்கொரு துண்டு மென்று பார்த்தார்கள். முற்றிய மட்டைக்குள் சுண்ணாம்பும் புளிப்பும் சேர்ந்து பொடிப்பொடிப் படிகமாகத் திரளும் என்று பிற்பாடு விவசாய ஆபீஸ்காரர் ஒருவர் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு எங்கள் பல்லே போதுமான சாட்சி.

"கள்ளியிலயே இருக்குதுய்யா!" என்று கத்தினேன்.

வழக்கு முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஒரு பெரிய மனிதர் தீர்ப்பும் சொன்னார்: "சரிம்மா, தெரியாம அடிச்சிட்டான். போ, போயி அவனுக்குச் சோத்தப் போடு."

நீலாவதி சீவாத மட்டையை எடுத்தாள். என் தோளுக்கு மேலாக, முள்ளோடு, அவன் வாயிலேயே அறைந்தாள். அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தான். உதடெல்லாம் முள்.

"கண்ணாடித்தூள் போடலாம்னு எனக்கு இதுநாள் வரைக்கும் தோணுனதே இல்ல. இவருதான் சொல்லிக் குடுத்தாரு" என்றாள். "போடுறேன் சோறு. தெனமும் போடுறேன்."

அதற்குப் பிறகு பக்தவத்சலம் அவள்மேல் கை வைக்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு மணக்கும். அந்த ஆள் கொல்லையில் தனியாக அடுப்பு மூட்டித் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக் குடிப்பான். சாகும்வரை அப்படித்தான் குடித்தான்.