பொட்டு வச்ச வெள்ளக்காரிங்க

தேயிலத் தோட்டத்து லயத்துல எங்களுக்கு இருக்கற ஒத்த ரூம் காம்பராவுல பாதி எடத்த ஒரு மர அலமாரி புடிச்சிருக்கு. நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளக்கார தொர பங்களாவுல இருந்தது. ரெண்டு கதவுலயும் கையால வரஞ்ச ரோசாப்பூ, நடுவுல கதவுக்கொரு வெள்ளக்காரி. பங்களாவுல தூக்கி வீசுனத எங்க தாத்தா சொமந்துக்கிட்டு வந்தாராம். உள்ள சாமி படம் இருக்கறதால, அம்மா வெள்ளிக்கிழம தவறாம அந்த வெள்ளக்காரிங்களுக்கும் பொட்டு வைக்கும்.

பங்களா இப்ப ஹோட்டலு. நான் அங்கதான் ரூம் கழுவுற வேல பாத்தேன். போன மாசம் மேனேஜர், பழைய பங்களா சாமானெல்லாம் ஹோட்டலுக்கு வேணுமுன்னு ரெண்டு ஆளோட எங்க வீட்டுக்கு வந்துட்டாரு.

"திருட்டு சாமான வச்சுக்கிட்டு பொட்டு வேறயா? தூக்குங்கடா."

அம்மா நேரா போயி அலமாரிக்கு முன்னால கற்பூரத்த கொளுத்திச்சு. தூக்க வந்த ரெண்டு பேரும் நம்ம தோட்டத்து ஆளுங்க. செருப்ப கழட்டிட்டு கும்புட்டாங்க.

"நாங்க தொட மாட்டோம் சேர்."

மேனேஜரே தனியா இழுத்து பாத்தாரு. அசையல.

"வெள்ளக்காரிங்க ரெண்டு பேருக்கும் ஒங்களோட வர இஷ்டமில்ல போல சேர்"ன்னேன்.

"நாளையிலருந்து நீ வேலைக்கு வராத!"

"சரிங்க சேர். குனிஞ்சு போங்க, எங்க வாசல் தணிவு."

நான் சொல்லி அந்தாளு குனிவாரா? தலய நல்லா இடிச்சிக்கிட்டுதான் போனாரு.